மோதிர விரல் இல்லாத கை

கொற்றவை காக்க. கடல் ஒருபுறமும் கருங்குன்றம் மறுபுறமும் அரணாக நிற்கும் நீர்முனைக் கோட்டையை ஆளும் உலகுடைய நாச்சியார் சமூகத்துக்கு, வேங்கைக்குன்றத்துத் தளவாய், கல்லுடைத்த மருதையன் மகன் பெரியாண்டி நிலம் தொட்டு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் நெல்லும் நீரும் குறைவற்றிருக்க. இங்கே எதுவும் மிச்சமில்லை.

தங்கள் தமையனார், குன்றம் காத்த சேதிராய மகாராசா, நேற்று மாண்டார். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை தாயே. கொன்றுவிட்டார்கள்.

சாலை போட மலையை அளக்க வந்த தொப்பிக்காரத் துரை, போன ஆண்டு ஆயுத பூசையில் நம் பந்தியில் அமர்ந்து உண்டவன். அன்று வாளும் வேலும் துப்பாக்கியும் கல்லுடைக்கும் கடப்பாரையும் அம்மன் நடையில் கிடக்கும், மறுநாள் விடியும்வரை ஒருவரும் தொடமாட்டோம் என்று அவனுக்கு விளக்கிச் சொன்னவர்கள் நாமேதான். பெருமை பேச அவ்வளவு ஆசை நமக்கு.

இந்த ஆண்டு அதே நாளில், உச்சிவேளையில், பீரங்கியோடு வந்தான். கதவு சிதறியது. நம்மவர் உலக்கையாலும் அம்மிக்கல்லாலும் அடித்தார்கள். பெண்கள் கொதிக்கும் உலையைக் கொட்டினார்கள். கோயில் வாசலில் பூசாரி கைவிரித்து நின்று, ஆயுதத்தைத் தொட்டால் குலம் அழியும் என்று அழுதார். மகாராசா அவரை விலக்கிவிட்டு என்னிடம், “பாவம் எனக்கு இருக்கட்டும் பெரியாண்டி. கடப்பாரைய எடு” என்றார். குங்குமம் பூசிய கடப்பாரையால் மூன்று மண்டைகளைப் பிளந்தேன். அதற்குள் மகாராசாவின் வயிற்றில் குண்டு பாய்ந்திருந்தது.

அவர் முத்திரை மோதிரம் விரலைவிட்டுக் கழலவில்லை. உயிர் இருக்கும்போதே விரலை அறுத்தார்கள். துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி பக்கத்தில் குனிந்து, “இனிமே ஓலையெல்லாம் நாங்களே எழுதிக்கிறோம், மகாராசா சிரமப்பட வேண்டாம்” என்று சிரித்தான்.

அவன் சொன்னது தங்கள் கோட்டையை எண்ணித்தான். அரச முத்திரை வந்தால் கதவைத் திறந்து, ஆயுதமின்றி, வெறுங்காலோடு வெளியே வந்து வாங்குவது தங்கள் குல வழக்கம். அதையும் துரைக்கு நாம் சொல்லியிருக்கிறோம். ஓரிரு நாளில் முத்திரையோடு ஓலை வரும். பின்னால் படை வரும்.

முத்திரை இல்லாத இவ்வோலையை எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். கொண்டுவருபவள் என் மனைவி செம்பாயி. உப்பு விற்பவளாக எதிரிகள் நடுவே வருகிறாள். அவள் பானையில், உப்புக்குள், தங்கள் தமையனாரின் வலக்கை இருக்கிறது. உடலைத் தூக்கிவர வழியில்லாததால் நானே வெட்டி எடுத்தேன். எரிந்த வைக்கோற்போரிலிருந்து சிறுவயதில் தங்களை இழுத்தபோது பட்ட தழும்பு உள்ளங்கையில் உண்டு. பார்க்கவும். பிறகு விரல்களைப் பார்க்கவும். இல்லாத விரலே இவ்வோலைக்கு முத்திரை.

தங்களுக்குக் கட்டளையிட நான் யார்? அவர்கள் அகன்றபின் மகாராசா என் மடியில் கிடந்து கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தங்கச்சி வெளிய வரக்கூடாது.”

இது அரச ஆணை. முத்திரையோடு வருபவன் எவனானாலும் கதவு திறக்க வேண்டாம். மதிற்பீரங்கி பதில் சொல்லட்டும். கையை இப்போது எரிக்கவேண்டாம், உப்பிலேயே இருக்கட்டும். உயிரோடு எஞ்சிய கல்லுடைப்பவர்கள் கடப்பாரைகளோடு அந்தப் படையின் பின்னால்தான் வருகிறோம். மோதிரத்தைப் பிடுங்கி வந்ததும் சேர்த்து எரிப்போம்.