எத்தனை கம்பி?

என்னங்க,

பக்கத்து வீட்டு அக்கா என்கிட்ட சண்டை போட்டப்ப, "உன் அப்பன் கம்பி எண்ணுறான்"னு நம்ம குட்டிகிட்டயே சொல்லிட்டா. குட்டிக்குக் கோபமே வரலை. புலி வெளியே வந்துடாம அப்பா மிருகக்காட்சிசாலையில கூண்டுக் கம்பியை எண்ணிப் பார்க்கிறார்னு பள்ளிக்கூடம் பூரா பெருமையடிச்சிட்டு வந்திருக்கா.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போகணுமாம். தொப்பி, தண்ணி பாட்டில், எண்ணின கம்பியில கோடு போட உங்களுக்கு ஒரு சாக்பீஸ், எல்லாம் எடுத்து வச்சுட்டா.

நான் இனி மழுப்பப் போறதில்லை. புலியைக் காட்டிட்டு, அங்கேயே உட்கார வச்சு உண்மையைச் சொல்லிடுவேன். அழுதா அழட்டும். மறுநாள், உங்களைப் பார்க்க விடுற நேரத்துக்குக் கூட்டிட்டு வர்றேன்.

வேண்டாம்னு பதில் போடாதீங்க. ஷேவ் பண்ணிட்டு வந்து நில்லுங்க. எத்தனை கம்பின்னுதான் முதல்ல கேட்பா.

எண்ணி வைங்க.

இன்னும்
உங்க வீட்டுக்காரிதான்