கிணற்றடியில் உன் அம்மாவை அழைத்தோம்

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தம்பி இளவரசனும் நல்லபடியாக இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் மாறனும் வயிற்றில் இருக்கும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் எழுது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், மாறன் நடுவில் புகுந்து டைனோசர் கதை சொல்கிறான், நான் எங்கே விட்டேன் என்பதே மறந்துபோகிறது. அதுவுமில்லாமல் இந்தச் சேதியை வாயால் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய். பயப்பட ஒன்றுமில்லை, சந்தோஷமான சேதிதான்.

தம்பி கல்யாண வேலை மும்முரமாக நடக்கிறது. சிந்துஜா வீட்டிலிருந்து கீழ்பென்னாத்தூர் வேனில் நாளுக்கு ஒருவர் வந்து ஏதாவது கேட்டுவிட்டுப் போகிறார்கள், மிக்ஸி எந்தக் கலர் வேண்டும் என்பது வரைக்கும். அந்தப் பெண் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள் இல்லையா, அந்த ஆபீஸ் முழுக்கப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, பந்திக்கு இலை போதுமோ என்றுதான் எனக்குக் கவலை. இந்த மாசத்தில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னால் கூடாதுதான், அதற்காக உட்கார்ந்து அழாதே. நீ போன வாரம் ஒன்று கேட்டாய். கல்யாணத்துக்கு முன்னால் வைக்கிற பூவாடைக்காரி படையலில் அம்மாவை அழைப்பாங்களா, அழைக்கலைன்னா பெரியப்பாவோட இந்த ஜென்மத்துல பேசமாட்டேன் என்றாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை மதுரைப் பக்கம், அவருக்கு இது புரியாது, நீயே சொல்லிவிடு. பூவும் பொட்டுமாகப் போய்ச்சேர்ந்த பெண்ணை நம் பக்கத்தில் வீட்டுச் சாமியாகக் கும்பிடுகிறோம். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் கிணற்றடியில் அவளை அழைத்துக் கலசத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்து, புதுப்புடவை வைத்துப் படைத்து, உத்தரவு வாங்கிய பிறகுதான் பந்தக்கால்.

நீ பயந்த மாதிரியேதான் என் அண்ணன் முருகையன் ஆரம்பித்தார். நம்ம கொள்ளுப்பாட்டிய அழைச்சா போதும்டா தசரதா, உன் பொண்டாட்டி பிலிப்பைன்ஸ்காரி, மாதா கோயிலுக்குப் போனவ, நாம அழைச்சு அவ வரலைன்னா குத்தமாயிடும், புள்ள கல்யாணத்துல வெளையாட வேணாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மனுஷனுக்கு நிஜமாகவே பயம். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா வந்த நாளெல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது.

மஸ்கட்டில் ஒரே ஓட்டல் சலவைக்கூடத்தில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம், அங்கேயிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தேன். பேர் மாரிசெல் என்று நான் சொன்னதுதான், உங்க ஆயா மாரிச்செல்வி ஆக்கிவிட்டாள். ரேஷன் கார்டிலும் அதுவே வந்துவிட்டது. வெள்ளைக்காரி மாதிரி ரொட்டி கேட்பாளோ, நான் எங்கே போவேன் என்று உங்க ஆயா ஒப்பாரி வைத்தாள். இவளோ மூன்று வேளையும் சோறு கேட்டாள். மூன்றாம் நாள் உங்க ஆயா கருவாட்டுக் குழம்பு வைத்தாள், வாசனை வந்ததும் இவள் அடுப்பங்கரையில் போய் நின்றவள் நின்றவள்தான், அவள் பிறந்த தீவிலும் கருவாடுதானாம். அன்றைக்கு மாமியாரும் மருமகளும் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டார்கள், எனக்கு ரசம்தான் கிடைத்தது. இரண்டு பேருக்கும் ஒரு பொதுப் பேச்சு கிடையாது, ஆனால் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுகிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரியும்.

கிரிவலப் பாதையில் நாம் டிபன் கடை போட்டபோது வாழைப்பழத்தை மாவில் சுருட்டிச் சர்க்கரை போட்டுப் பொரித்து வைத்தாளே, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்தம்மா சுருள் இருக்கா என்று ஜனங்கள் கேட்டு வாங்கிப் போனார்களே, என் தோசையை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. உன் பிரசவத்துக்கு அங்கே வந்தபோது கடைத்தெருவில் அவள் ஊர்க்கார அம்மா ஒருத்தி அவர்கள் பாஷையில் பேச, இவள் பழக்கதோஷத்தில் சௌக்கியமாம்மா என்று தமிழில் கேட்டுவிட்டு முழித்தாள் என்று நீதானே சொல்லிச் சிரித்தாய். மாறனுக்குத் தாலாட்டு மட்டும் அவள் பாஷையில் பாடினாளாம். உங்கள் இரண்டு பேருக்கும் அவள் அதைப் பாடி நான் கேட்டதில்லை. யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று அடக்கி வைத்திருந்தாளோ என்னவோ, அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணனுக்குப் பதில் வந்தது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. உன் பெரியம்மா பச்சையம்மாள்தான். உங்கம்மாவுக்கும் அவளுக்கும் கோழிக்குச் சண்டை, முருங்கைக் கிளைக்குச் சண்டை, பொதுக் கிணற்று மோட்டாரை யார் முதலில் போடுவது என்று தினப்படி சண்டை. சரி, இவளும் சேர்ந்துகொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சுவர் மேல் எட்டிப் புருஷனைப் பார்த்து, ஏங்க, இத்தினி வருசம் நான் அவகூட மல்லுக்கு நின்னேனே, அசல் வீட்டுப் பொம்பளையா இருந்தா நான் ஏன் சண்ட போடப்போறேன், பல்லைக் காட்டிட்டுப் போயிட மாட்டேனா, அவ இந்த வீட்டுக்காரி, அதான் விட்டுக்குடுக்கல என்றாள். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் சரி, அழைச்சுப் பாப்போம், வரலைன்னா என்னைக் கேக்கக்கூடாது என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடியில் கலசம் ஜோடித்து வைத்தோம். பம்பைக்காரர் காசி, ஊரும் பேரும் சொல்லித்தான் அழைக்க வேண்டும், அந்தம்மா பொறந்த ஊர் எதுங்க என்றார். போஹோல் தீவு என்றேன். அவர் வாயில் அது நுழையவில்லை, கப்பலேறி வந்த தாயே என்று எடுத்துவிட்டார். விமானத்துலதான் வந்தாங்க என்று உன் தம்பி திருத்தினான். மெட்டுல விமானம் உக்காராது தம்பி, கப்பலே இருக்கட்டும் என்றுவிட்டார் காசி. எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்தது அத்தோடு சரி. அதற்கப்புறம் அவர் அடிக்கிறார், அடிக்கிறார், ஒருத்தர் மேலும் அருள் வரவில்லை. கற்பூரம் அணைந்து மறுபடி ஏற்றினோம், மறுபடியும் ஒன்றுமில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன் தம்பி முகம் சுண்டிவிட்டது. எனக்கோ, நாமே உங்கம்மாவை இத்தனை பேர் நடுவில் அவமானப்படுத்திவிட்டோமே என்றிருந்தது.

அப்போதுதான் பெரியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கிணற்றுக் கட்டையில் போய்க் கை ஊன்றி நின்று, தினமும் சுவர் மேல் எட்டிக் கத்துவாளே, அதே குரலில் உள்ளே பார்த்துக் கத்தினாள். ஏய் மாரிச்செல்வி, உன் புள்ளைக்குக் கல்யாணம்டி, மோட்டார் போட மட்டும் மொத ஆளா ஓடியாந்து நிப்ப, இப்ப எங்கடி போன, ஒரு வருசமா நான் எவகிட்டடி சண்ட போடறது, எழுந்து வாடி வீட்டுக்கு என்றாள். கத்திவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழாத ஆள் இல்லை அங்கே. அது அருளா, அவள் சொந்தக் குரலா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்துட்டா, இன்னும் என்ன பாத்துட்டு நிக்கிற, அடிய்யா பம்பைய என்று காசியை அதட்டினார். கலசத்தை வேறு யாரையும் தொடவிடவில்லை. தானே தலையில் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்து, பெரியம்மா ஆரத்தி எடுத்த பிறகு உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

படைத்த புடவையை வீட்டு மகள்தான் கட்ட வேண்டும், அதனால் உனக்குப் பார்சலில் அனுப்புகிறேன். பச்சை நிறம், பெரியம்மா எடுத்தது, நன்றாக இல்லை என்று சொல்லிவிடாதே. கல்யாணத்தன்று அதைக் கட்டிக்கொண்டு வீடியோவில் வா. இனி இந்த வீட்டில் மாறனுக்குக் கல்யாணமானாலும் சரி, உன் வயிற்றில் இருக்கிறதுக்கு ஆனாலும் சரி, முதல் அழைப்பு உங்கம்மாவுக்குத்தான். அவள் உத்தரவு இல்லாமல் இந்தக் குடும்பத்தில் யாரும் தாலி கட்ட முடியாது. இந்த ஊரில் இறங்கிய அன்றைக்கு, இவங்க என்னை வெச்சிப்பாங்களா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள் அவள்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் நடக்காதே. சுகமாய்ப் பெற்றுப் பிழைத்து நீயும் உன் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு. தென்றல் பேசினாளா, தென்றல் பேசினாளா என்று வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
தசரதன்