ஏழும் நாப்பதும்

என் செல்லத் தம்பி கரன்,

உனக்கு எழுதுவதென்றால் திட்டித்தான் தொடங்க வேண்டும். வேறு விதமாகத் தொடங்க எனக்கு வரவில்லை. வாகனமே வராத பாதை, வாகனமே வராத பாதை என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை புழுகினாய்! லொறி இல்லை, பஸ் இல்லை, ஹோர்ன் சத்தம் இல்லை, பெல்ஜியத்தின் பிளெமிஷ் நாட்டுப்புறம் முழுக்கச் சைக்கிளுக்கென்றே பாதை என்றாய். பிறகு எதடா வந்து உன்னை அடித்தது?

இதயம் என்றார்கள். ஐம்பது வயதில், ஒரு மேடுகூட இல்லாத இடத்தில்.

முதல் நாள் போனில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, இண்டைக்கு முழுக்கக் கிறவல் றோட்டு" என்றாய். நான் உண்மையாகவே இரக்கப்பட்டேன். எங்கள் ஊரில் கிறவல் றோட்டு என்றால் எம்.பி. எட்டிப் பார்க்காத றோட்டு. "ஏன்டா, பெல்ஜியத்திலயும் தார் போட ஆளில்லையோ?" என்று கேட்டேன். நீ சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தாய்.

"வேணுமெண்டுதானக்கா போடாமல் வச்சிருக்கினம். தாரைப் போட்டால் கார் வந்திடுமாம்."

கிறவலில் ஓடுவதற்கென்றே அங்கே தனிச் சைக்கிள் விற்கிறார்கள் என்றதை உன் அத்தானிடம் சொன்னேன். "உம்மட தம்பி உம்மைப் பேக்காட்டுறான்" என்றுவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

நீ கென்ற் நகரத்துக்குப் பக்கத்தில், நான் சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில். உனக்கு ஞாயிறு காலை என்றால் எனக்கு ஞாயிறு பின்னேரம். என் சீனி வருத்தத்துக்குச் சைக்கிள் ஓடச் சொன்னார் டொக்டர். கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் லொறிகளுக்கு நடுவே ஓட எனக்கென்ன விசரா? எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்றை அத்தான் வாங்கிக் கராஜில் வைத்தார். ஒரு கிழமை ஓடிவிட்டு அதில் துணி காயப் போட்டேன். நீதான் விடவில்லை. "நான் இங்க ஓடுறன், நீங்கள் அங்க ஓடுங்கோ. கதைச்சுக்கொண்டு போவம்" என்றாய்.

அப்படித்தான் கராஜை விட்டு இறங்காமல் நான் பிளாண்டர்ஸ் முழுக்கச் சுற்றினேன். உன் சில்லுக்குக் கீழே கிறவல் நொறுங்குகிற சத்தம் என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். கால்வாய்க் கரை வருகிறது என்பாய். காற்றில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்த பொப்லர் மரங்கள் என்பாய். சோளத்துக்கு நடுவில் பழைய ரயில் பாதை, தண்டவாளத்தைக் கழற்றிக் கிறவல் போட்டிருக்கிறார்கள் என்பாய். "மாடு ஒண்டு பாக்குதக்கா, உங்களைக் கேக்குது" என்பாய். எதிர்க்காற்று என்று நீ சொன்னால் நான் இங்கே மிதி கனக்கத் திருகியை இறுக்குவேன். அத்தான் கராஜ் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்ளுவார்.

பிறகு அந்த இலக்கங்கள். பாதைகள் சந்திக்கிற இடமெல்லாம் ஒரு பலகை, அதில் ஓர் இலக்கம். அதைப் பிடித்துக்கொண்டே ஊர் ஊராய்ப் போகலாமாம். பிளெமிஷ்காரர் நாற்பத்தேழைத் தலைகீழாக்கி ஏழும் நாற்பதும் என்றுதான் சொல்லுவார்களாம். நீ அதைத் தமிழிலேயே சொல்லத் தொடங்கினாய். "அக்கா, மூண்டும் இருவதும் தாண்டிட்டன்." பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி போதாது என்று உன்னோடு சண்டை பிடித்தேன். போகப்போக எனக்கும் அதுவே வாயில் வந்தது.

அன்றைக்கும் அப்படித்தான். "ஏழும் நாப்பதும் தாண்டிட்டன்" என்றாய். கொஞ்ச நேரம் கிறவல் சத்தம். பிறகு, "அக்கா, லைனில நில்லுங்கோ, வாறன்" என்றாய்.

சைக்கிள் விழுந்த சத்தம் படலை சாத்துகிற மாதிரித்தான் கேட்டது. தண்ணீர் குடிக்க நிறுத்தியிருக்கிறாய் என்று நினைத்தேன். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன், கரன். ஒரு குருவி கத்தியது. காற்று அடித்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. வாகனம் வராத பாதை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு கார், ஒரேயொரு கார் அந்த வழியால் வராதா என்று கும்பிட்டேன்.

உன் லைனைத் துண்டிக்க மனமில்லை. அத்தானின் போனைப் பறித்து நான் எங்கே அடித்தேன் தெரியுமா? இங்கத்தைய அவசர இலக்கத்துக்கு, மூன்று பூச்சியத்துக்கு. எந்த சபர்ப் என்று கேட்டாள் அந்தப் பெண். வென்ட்வேர்த்வில் என்றேன். தம்பி விழுந்துவிட்டான், பேச்சு மூச்சில்லை, கெதியாய் வாருங்கள் என்றேன். வீட்டு இலக்கம் கேட்டாள். "செவன் அண்ட் ஃபோர்ட்டி" என்றேன். தெருவைக் கேட்டாள். கால்வாய்க் கரை என்றேன். அத்தான் போனை வாங்கி, ஆள் பெல்ஜியத்தில் என்று சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று மெல்லக் கேட்டாள்.

அப்போதுதான் உன் மனைவி ஞாபகம் வந்தாள். கலியாண நாளிலிருந்து லீவு, லீவு என்று நாங்கள் பகிடி பண்ணிய பிளெமிஷ்காரி லீவா. அவளுக்கு அடித்து அதையே கத்தினேன். "ஃபோர்ட்டி செவன் எண்டு சொல்லுமப்பா, அவவுக்கு விளங்காது!" என்று அத்தான் பதறினார். அவளுக்கு விளங்கியது. அவள் பிறந்த நாள் முதல் எண்ணுவது அப்படித்தானே. மறுகேள்வி கேட்காமல் போனை வைத்தாள்.

கார் நுழையாமல் பாதை வாயில் நட்டிருந்த கட்டை அம்புலன்சையும் நிறுத்திவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டை இல்லாவிட்டாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது, விழும்போதே முடிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் உன் லைன் திறந்துதானே இருந்தது? கிறவலில் கால்கள் ஓடி வருகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீதான் எழும்பி வருகிறாய் என்று நினைத்தேன். "வாறான், வாறான்" என்று அத்தானிடம் சொன்னேன். அடுத்ததாக லீவாவின் அழுகைதான் கேட்டது.

எனக்குப் பாஸ்போர்ட் திகதி முடிந்திருந்தது. உன் செத்தவீட்டை லப்டொப்பில் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டேன், ரயில் லிட்கமில் நிற்கும்போது இறங்க மறந்து எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருகிறேன். சாப்பாடு இறங்குவதில்லை. டூங்கபியில் இருந்து ஓர் அன்ரி வந்து, "நல்ல சாவு பிள்ளை, கஷ்டப்படாமல் போயிட்டார்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையைப் பறித்துக்கொண்டு வெளியே போகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எனக்கு ஏலவில்லை, கரன். இது எப்போது ஏலும் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

லீவா ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் அடிக்கிறாள். உன் சைக்கிளில் அதே பாதையால் போகிறாளாம். நான் போனை எடுப்பதில்லை. அந்தக் கிறவல் சத்தம் காதில் விழுந்தால் செத்துவிடுவேன் என்று பயம். அவள் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைப் பதிந்துவிட்டுப் போகிறாள். அவர் கடைசியாய் என்ன சொன்னார்? உங்களுக்குக் கேட்டிருக்கும். தயவுசெய்து சொல்லுங்கள்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அத்தானுக்குக்கூட இல்லை. நில்லுங்கோ என்று நீ என்னைத்தானே நிற்கச் சொன்னாய்? இருபது வருஷம் உன்னோடு வாழ்ந்தவள் அவள். உன் வீடு, உன் உடுப்பு, உன் சாம்பல் எல்லாம் அவளிடம். எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வது? கொடுத்தாலும் எப்படிக் கொடுப்பது? "ஐ ஆம் கமிங்" என்று சொன்னான் என்றா? அதைக் கேட்டு அவளும் என்னைப் போல வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கவா?

போன ஞாயிறு போன் விடாமல் அடிக்க, அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. அவரே அழுத்தி, கராஜில் எனக்கு முன்னால் சைக்கிள் பிடியில் போனை வைத்தார். "மனுசி தனியக் கிடந்து அழுகுது. கதையுமப்பா" என்றுவிட்டுப் போனார்.

கிறவல் சத்தம் வந்தது. நான் சாகவில்லை. பிறகு அது நின்றது.

"அக்கா," என்றாள் லீவா. "ஏளும் நாப்பதும்."

நீ பழக்கிய தமிழ். அவள் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதே காற்று, அதே மாதிரி ஒரு குருவி. நான் கதைப்பேன் என்று கனநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி அக்கா, வாறன்" என்று வைத்துவிட்டாள்.

ஓடிப் போய் அத்தானிடம், அவளுக்கு "வாறன்" என்ற சொல் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவன் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க ஒவ்வொருநாளும் சொல்லுறதுதானே," என்றார். "குட்பைக்குத் தமிழ் அதுதான் எண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா, எனக்கே ஒருக்கால் சொன்னவ."

பிழையில்லையே. வாசலில் நின்று போறன் என்று நாங்கள் எப்போது சொன்னோம்? போகும்போதும் வாறன்தான், வரும்போதும் வாறன்தான். நீ அன்று எதைச் சொன்னாய், கரன்? திரும்பி வருகிறேன் என்றா, போய் வருகிறேன் என்றா? உனக்காவது தெரியுமா?

வருகிற ஞாயிறு நான் போனை எடுப்பேன். மறுபடி காயப் போட்டிருக்கிற துணிகளை எடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறுவேன். அவள் அங்கே ஓடட்டும், நான் இங்கே ஓடுகிறேன். ஏழும் நாப்பதும் வந்ததும் அவளை நிற்கச் சொல்லி, அவன் கடைசியாய் "வாறன்" என்றுதான் சொன்னான் என்பேன். இங்கிலிஷில் சொல்ல மாட்டேன். நீ அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாய் என்று அவள் எடுத்துக்கொள்ளட்டும். அழுது முடித்து வீட்டுக்குப் போகட்டும்.

அதற்கு முன்னால் நீ என்னை லைனில் நிற்கச் சொன்னதை மட்டும் கேட்காதே. அதை அவளுக்குச் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

லைனில் நிற்கும்
உன் அக்கா