சிவப்பு வண்டியா, கறுப்பு வண்டியா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், என் இடுப்புவலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். லீவுக்கு நீ மட்டும் தனியாக வருவதாக எழுதியதைப் படித்ததும் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. உனக்கும் கோபம் இருக்காதா பின்னே, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அம்மா அவரை ஒரு தடவையாவது மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறாளா, எப்போதும் 'அந்த ஆள்'தானே. நான் சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்.

அது கிடக்கட்டும். எங்கள் ஷெட்டில் இரண்டு பழைய கார்களைச் சரிபண்ணி முடித்துவிட்டோம். உன்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒன்று சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். என் இடுப்பு உயரம்கூட இல்லை, ஆனால் ஸ்டார்ட் பண்ணினால், அப்பப்பா, தகரக்கூரை அதிர்ந்து ஆணியில் மாட்டிய ஸ்பானரெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகின்றன. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. மற்றது அதற்கும் ரொம்ப முந்திய கறுப்புக் கார், அந்தக் காலத்துப் பணக்காரர்கள் பின்னால் சாய்ந்துகொண்டு போவார்களே, அது. உள்ளே இருக்கிற மரப்பலகையில் என் முகம் தெரிகிறது. கதவைச் சாத்தினால் பீரோவில் மடித்த துணி வைத்த மாதிரி, சத்தமே இல்லை. எஞ்சின் ஓடும்போது பானெட்மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன், ஒரு சொட்டு தளும்பவில்லை. நின்றுவிட்டதோ என்று நினைத்து மறுபடி சாவியைத் திருகிவிட்டேன், கறகறவென்று ஒரு சத்தம், சீட்டு தைக்கிற ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். இதையும் மனுஷன்தானே செய்தான் என்று பானெட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

என்றாலும் என் மனசு சிவப்பில்தான். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே மிதி! ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்று வாட்ச், பெல்ட் எல்லாம் வாசலிலேயே கழற்றிவிடுவது எங்கள் ஷெட் சட்டம், அவளும் முணுமுணுத்துக்கொண்டே வாட்சைக் கழற்றினாள். சிவப்பிலிருந்து அவளை எழுப்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாயிற்று, இது காரா குழியா என்றாள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடுங்க என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி. பிறகு கறுப்பில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தோல் சீட்டைத் தடவினாள், காலை நீட்டினாள், முட்டிக்கும் முன்சீட்டுக்கும் நடுவே சாண் போட்டு அளந்தாள். அந்தச் சிவப்புல ரெண்டு சீட்டுதானே இருக்கு, நீங்களும் அவளும் உக்காந்தா மத்தவங்க எங்க உக்கார்றது என்று கேட்டாள். மாசக்கணக்கில் அந்த வண்டிக்குள்ளேயே கிடந்த எனக்கு அது உறைக்கவே இல்லை பார். நீ டாக்ஸியில வாயேன் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் இன்னொரு சாண் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, மாப்பிள்ளை நல்ல உயரமாச்சே, கால் நீட்ட இந்த இடம் பத்துமா என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாராளமாப் பத்தும் என்றேன்.

ஆகவே கறுப்பு வண்டிதான். அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடு. அம்மா சொன்னது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, வெட்கப்படுவாள். ஏறும்போது வாட்சைக் கழற்றிவிட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொல்லிவை. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
சிவப்பை விட்டுக்கொடுத்த உன் அப்பா