தாரிணிக்குப் பூஜ்யம்

ஜூன் 14, சனி

காலை ஏழு மணிக்கே புழுக்கம். ஜிம்னாஸ்டிக்ஸ் மாநில அணித் தேர்வு. ஹாலில் ஏ.சி. ஓடவில்லை, வழக்கம்போல.

தலைமை நடுவர் நான். கையில் பச்சைக் கொடி. அதைத் தூக்கினால்தான் பிள்ளை ஓடலாம். தூக்காமல் ஓடினால் அந்தத் தாவலுக்குப் பூஜ்யம். சின்ன வயதில் எனக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்த விதி.

பதினொன்றரைக்கு வால்ட், ஓடிவந்து மேசையைத் தாண்டும் பிரிவு. தாரிணி, மேற்கு மாம்பலம். இந்த வயதுப் பிரிவில் அவளுக்குக் கடைசி வருடம். ஓட்டப்பாதை முனையில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் உள்ளே வந்தார். ஹால் ஊழியர் முருகேசனிடம் நாற்காலி போடச் சொல்லி எழுந்து கையைத் தூக்கினேன். கொடி இருந்த கையை.

அவள் ஓடிவிட்டாள். என்ன தாவல்! இறங்கிய கால் அசையவில்லை.

பக்கத்து நடுவர்: "மேடம், சிக்னல் குடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

பூஜ்யம்.

ஜூன் 15, ஞாயிறு

வாங்க: தயிர், பி.பி. மாத்திரை, முட்டிக்குத் தைலம்.

தூக்கமே இல்லை. சிக்னல் கொடுக்க நினைக்கவில்லை, அது உண்மை. கொடி மேலே போனது, அதுவும் உண்மை. சீ, என்ன வக்கீல் பேச்சு.

முருகேசன் போன். "மேடம், நீங்க கொடிய தூக்கினத நான் பாத்தேன். அந்தப் பொண்ணு பாத்ரூமாண்ட நின்னு அழுதுகினே இருந்துச்சு. நான் வாயத் தொறந்தா என் வேல பூடும். நீங்க சொல்லுங்க மேடம்."

சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

தி.நகர், சங்கத் தலைவர் வீடு. எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொண்டுபோயிருந்தேன். படிக்காமலே மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

"பெரிய சாம்பியன் நீங்க. நாற்காலிக்குக் கொடி காட்டினேன்னு எழுதிக் குடுத்தா ஊரே சிரிக்கும். மொத்தத் தேர்வும் செல்லாதுன்னு கேஸ் போடுவாங்க. பட்டியல் போயாச்சு மேடம். காபி சாப்பிடுங்க."

தாரிணிக்குப் பதிலாகப் போகிறவள் அவர் அகாடமிப் பெண். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காபி குடித்தேன். நல்ல காபி. வெட்கங்கெட்டவள்.

பத்து செ.மீ. அகல பீம் கட்டையில் நின்று பயப்படாதவள், அந்த சோபாவில் பயந்து உட்கார்ந்திருந்தேன். சங்கத்தில் பதவிக்கு வந்து பதினேழு வருடம். எத்தனை பொன்னாடை, எத்தனை குத்துவிளக்கு. ஒரு பிள்ளைக்காவது ஏதாவது செய்தேனா? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஜூன் 18, புதன்

மத்தியானம் திடீர் மழை. லஸ் முனையில் ஆட்டோ நின்றுபோய் மீதி தூரம் நடை. முட்டி வலி.

நாலு மணிக்குச் சங்க அலுவலகத்தில் தாரிணியும் அவள் அம்மாவும். அம்மாவுக்குத் துணிக்கடையில் வேலை. கடைச் சீருடைப் புடவையோடே வந்திருந்தாள். கையில் பழம், பூ.

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். நிஜமாகவே எழுந்தேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "அவசரக்குடுக்க மேடம் இவ. கொடியப் பாக்காமயே ஓடிட்டா. வீட்ல நாலு அற வெச்சேன். மேடம் கால்ல விழுந்து மன்னிப்பு கேளுடின்னு இட்டாந்தேன்."

"கொடி மேல போச்சும்மா..." என்றாள் தாரிணி, என்னைப் பார்த்துக்கொண்டே.

"மறுபடியும் பொய்யா?" தலையில் ஒரு தட்டு.

தாரிணி குனிந்து என் காலைத் தொட்டாள்.

"பரவாயில்லம்மா, அடுத்த தடவ கொடியப் பாத்து ஓடு" என்றேன்.