அமாவாசைப் பள்ளம்

ஜவ்வாது மலை
27.6.2025

அடியே வெண்ணிலா,

நல்லா இருக்கியா? இந்த மாசத்து மெமரி கார்ட இதோட வச்சிருக்கேன். இங்க டவர் கெடச்சா இந்த லெட்டர் வேலையே இல்ல.

பூமியோட காந்தத்த அளக்கற உன் டப்பா மாமரத்தாண்ட பத்திரமா கீது. அதுல நம்பர் காலைல ஏற ஆரம்பிக்குது, பதினொன்னரைக்கு உச்சி, சாயங்காலம் எறங்கிடுது. தெனம் அதேதான். நானும் இவ்ளோ ஒழுங்கா காலேஜுக்கு வந்திருந்தா ரெண்டாவது வருஷத்துல நின்னிருக்க மாட்டேன்.

இரும்பு கிட்ட வரக்கூடாதுன்ன. மண்வெட்டியக்கூட கெணத்தாண்ட போட்டுட்டுதான் வர்றேன். நீ சொன்ன மாதிரி நோட்டுல தெனம் எழுதறேன். "படிப்ப வுட்டவளுக்கு இன்னாத்துக்கு இந்த சயின்ஸு"ன்னு தாண்டவராயன் அண்ணன் நக்கல் பண்றான். நம்பி குடுத்திருக்காடான்னேன்.

உன் கலை

~

திருநெல்வேலி
3.9.2025

அன்புள்ள கலை,

நலம்தானே? உன் கார்டுகள் எல்லாம் வந்தன. ஒரு நல்ல செய்தி சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ஜூன் 25, ஜூலை 24, ஆகஸ்ட் 22. மூன்று நாளும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அளவு சரிந்து, இரவு அளவுக்கும் கீழே போயிருக்கிறது. மூன்றும் அமாவாசை. பகலில் நமக்கு நூறு கிலோமீட்டர் மேலே கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. தினமும் காந்தம் ஏறி இறங்குவது அதனால்தான். சில பிற்பகல்களில் அது திசை மாறி ஓடும். அதில் நிலாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நாட்களில் இங்கே தெற்கில் இருக்கும் கருவியில் எதுவுமே இல்லை, உன் மலையில் மட்டும்தான். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே இந்தப் பள்ளம்தான் கலை.

என் வழிகாட்டி சார் மட்டும் ஒன்று கேட்டார்: "நிலா காரணம் என்றால் பௌர்ணமிக்கும் வர வேண்டுமே? பக்கத்தில் இரும்பு ஏதும் வந்ததா?" கார்டுகளோடு நீ அனுப்பிய நோட்டு நகலைக் காட்டினேன். மூன்று நாளும் 'ஒண்ணும் இல்ல' என்று எழுதியிருக்கிறாய். உனக்கு உறுதிதானே? ஒரு வரி எழுதிப் போடு. இருபதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

நீ பாதியில் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் உன்னுடையது.

அன்புடன்,
வெண்ணிலா

~

ஜவ்வாது மலை
8.9.2025

வெண்ணிலா,

ஒண்ணும் வர்ல. நோட்டுல எழுதினதுதான். உன் சார நிம்மதியா தூங்க சொல்லு.

கலை

~

ஜவ்வாது மலை
22.9.2025

வெண்ணிலா,

காலைல அமிர்தி வரைக்கும் எறங்கிப் போய் உனக்கு போன் போட்டேன். எடுத்ததும் "கலை, குடுத்துட்டேன்டி"ன்னு சிரிச்ச. கட் பண்ணிட்டேன். அதான் எழுதறேன்.

நேத்து அமாவாசை. ஒடம்பு சரியில்ல, வூட்லயே இருந்தேன். மத்தியானம் அண்ணன் டிராக்டர கழுவி, பொட்டு வச்சி, எலுமிச்சம்பழம் கட்டி, மாமரத்து நெழல்ல கொணாந்து வுட்டான். டப்பாவுக்கு பத்தடி. எழுந்து போய் பாத்தேன், நம்பர் சட்டுனு எறங்கி இருந்துச்சி.

"இன்னாடா இங்க வுட்ற?"ன்னேன்.

"அமாவாசைல ஏர் ஓட்டுவாங்களா? எப்பவும் இங்கதான் வுடுவேன். நீதான் அன்னிக்கி வூட்லயே தங்கறதில்லயே"ன்றான்.

நெசம்தான். அந்த மூணு நாளும் நான் இங்க இல்ல. காட்டு வேலை இல்லாத நாளாச்சே, காலைல பஸ்ஸ புடிச்சி வேலூர் போய்டுவேன். நம்ம காலேஜ் கேட்டுக்கு எதிர்ல டீக்கடை இருக்கே, அங்க குந்திட்டு இருப்பேன். திரும்ப சேத்துப்பாங்களான்னு கேக்கணும்னு போவேன். உள்ள போனதில்ல. ரெண்டு டீ குடிச்சிட்டு வந்துடுவேன். மறுநாள் நோட்டுல 'ஒண்ணும் இல்ல'ன்னு எழுதிடுவேன்.

நீ கேட்டப்பவே அன்னிக்கி நான் இல்லன்னு எழுதியிருக்கலாம். எங்க போனேன்னு கேப்பியே. டீக்கடையில குந்தினு இருந்தத உன்கிட்ட சொல்ல வெக்கம்.

பௌர்ணமிக்கு டிராக்டர் காட்டுல ஓடும். உன் சார் கேட்டது கரெக்ட்டு. உன் பள்ளம் எங்க அண்ணன் டிராக்டர்டி. அந்த அத்தியாயத்த எடுத்துடு. திட்டணும்னா திட்டு. எழுதாம மட்டும் இருக்காத.

கலை

~

திருநெல்வேலி
6.10.2025

கலைவாணிக்கு,

ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். சாரிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு தரவு சேர்த்து எழுத இன்னும் ஓராண்டு ஆகும்.

கருவியை எடுக்க 14ஆம் தேதி ஆள் வருவார். நோட்டையும் அவரிடம் கொடுத்துவிடு.

விஷயம் டிராக்டரோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் கேட்டேன், நீ உறுதியாகச் சொன்னாய். உன் அந்த ஒரு வரியைத்தான் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெண்ணிலா

~

ஜவ்வாது மலை
21.10.2025

வெண்ணிலா,

ஆள் வந்தாரு. டப்பாவையும் நோட்டையும் குடுத்துட்டேன். மாமரத்தாண்ட டப்பா வச்சிருந்த குழி மட்டும் அப்படியே கீது.

கண்ணமங்கலம் போனப்ப வேற நோட்டு ஒண்ணு வாங்கினேன். மொத பக்கத்த கிழிச்சி இதோட வச்சிருக்கேன். உனக்கு இது ஒண்ணுத்துக்கும் ஆவாது.

'21.10.2025. அமாவாசை. டிராக்டர் மாமரத்தாண்ட 2.10லேர்ந்து 5.40 வரைக்கும் நின்னுச்சி. நான் இங்கதான் இருந்தேன்.'

கலை