தத்தா பாவுவின் பேச்சும் என் தமிழும்

9 ஜூன் 2003, திங்கள்

மழை இன்னும் வரவில்லை. சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஒரே புழுக்கம். குடை வாங்க வேண்டும் (போன வருடமும் இதையே எழுதியிருக்கிறேன்).

யூனியன் தலைவர் தேர்தல் 20-ம் தேதி. இரண்டு பேர் நிற்கிறார்கள்.

ஜோஷி சாஹேப்: இப்போதைய தலைவர். இஸ்திரி போட்ட சட்டை, யாரைப் பார்த்தாலும் வணக்கம். எதற்கும் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்.

தத்தா பாவு (பாவு என்றால் மராட்டியில் அண்ணன்): வெல்டிங் ஷாப். கெட்ட வாய். கேன்டீன் பருப்பு தண்ணியாக இருக்கிறது என்று தட்டோடு கொண்டுபோய் ஜி.எம். மேஜையில் வைத்தவர். மறுநாள் பருப்பு கெட்டி. அதைச் சொல்லாத ஆள் இல்லை. "ரவுடி" என்பார்கள், அதே மூச்சில் "ஆனா பருப்பு..." என்பார்கள். வேடிக்கையாக இருக்கிறது.

11, புதன்

நான் உட்காரும் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு அஞ்சலை அக்கா டேப் வாங்க வந்தார். பேக்கிங்கில் எட்டு வருடமாக டெம்பரவரி. நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டால் பெர்மனென்ட் கிடையாது என்பது கம்பெனி விதி.

"டிசம்பர்ல எனக்கு நாப்பத்தஞ்சு சார். அதுக்குள்ள எதுனா ஆவணும்."

இந்த முறை டெம்பரவரிகளுக்கும் ஓட்டு உண்டு. யாருக்கு என்றேன்.

"ஜோஷி சாஹேப் நல்ல மனுசன். தத்தா வாயத் தொறந்தா அசிங்கம்."

"அப்ப ஜோஷிக்கா?"

"அரே, அதெப்படி இப்பவே சொல்றது!"

14, சனி

மழை! குடை இல்லை. தொப்பலாக நனைந்தேன்.

கம்பெனி வாசலில் கேட் மீட்டிங். தமிழிலும் சொல்ல வேண்டும் என்று பேக்கிங்கில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் கேட்டார்களாம். தன் மராட்டிப் பேச்சைத் தமிழில் சொல்ல தத்தா பாவு என்னை மேடைக்கு இழுத்துவிட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டே வருடத்தில் மராட்டி பிடித்துக்கொண்டேன் என்ற கர்வம் எனக்கு. பாவம், இந்தப் பெண்களுக்கு என்ன புரியப் போகிறது என்று ஏறினேன்.

வயது விதியைத் தூக்கிவிடுவேன் என்றார். அப்படியே தமிழில் சொன்னேன். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். மதராசிகள் இட்லி தின்பார்கள், சாஹேப் காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார்கள், வாய் மட்டும் திறக்காது, மாட்டுக் கூட்டம் என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மைக்கில் நான் சொன்னது: "தமிழர்கள் பொறுமைசாலிகள். அந்தப் பொறுமையை நிர்வாகம் தவறாகப் பயன்படுத்துகிறது."

பலத்த கைதட்டல். ஒரு விசில் வேறு. தத்தா பாவு முதுகில் தட்டினார். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

15, ஞாயிறு

ஔந்த் மார்க்கெட்: முருங்கைக்காய், மல்லி, குடை (வாங்கியாயிற்று). மனைவி கோமதியிடம் நேற்றைய கதையைச் சொன்னேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அந்த ஆளு வாய்க்கு நீங்க எதுக்குப் பொறுப்பாவுதிய?" என்றாள்.

20, வெள்ளி

தத்தா பாவு ஜெயித்தார். நல்ல வித்தியாசம். பேக்கிங் ஓட்டு முக்கால்வாசி அவருக்குத்தானாம். ஜோஷி சாஹேப் கைகொடுத்து வாழ்த்துக் கடிதமும் தந்தார்! டைப் அடித்தது.

என் தமிழால்தான் ஏமாந்தார்களோ?

24, செவ்வாய்

விடாத தூறல். பஸ் ஷெட்டில் அஞ்சலை அக்கா தனியாக நின்றார். சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அவர் சொன்னது வேற. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நான் பொறந்ததே இங்க தேஹூ ரோடு சார். எங்க வூட்ல சண்டையே மராட்டிலதான்."

பிறகு எதற்குத் தமிழில் கேட்டீர்கள் என்றேன்.

"மேடைல ஒரு தபா நம்ம பாஷையும் கேக்கட்டுமேன்னுதான்."

"அப்படித் திட்டினவருக்கா ஓட்டு போட்டீங்க?"

"கோவம் வந்துச்சு, வராதா? வூட்டுக்குப் போயி அவன நல்லா திட்டினேன். ஆனா ஜோஷி சாஹேப் எட்டு வருசமா மரியாதையாத்தான் பேசினாரு. மரியாதையாவே எட்டு வருசம் போயிடுச்சு." பிறகு, "நீங்க மாத்தினதுதான் சார் கஷ்டமா இருந்துச்சு. அவன் எங்களுக்கு வாயில்லன்னான். நீங்க காதும் இல்லன்னு நெனச்சிட்டீங்க."



பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். நிர்வாகத்திடம் புது யூனியன் கொடுத்த கோரிக்கைப் பட்டியல்.

"இங்கிலீஷ் எனக்கு நெசமாவே வராது. ஒண்ணும் மாத்தாம படிங்க."

படித்தேன். கேன்டீன், பஸ், போனஸ், டெம்பரவரிகளைப் பெர்மனென்ட் ஆக்குவது.

"வயசு?"

இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தேன். "அதப் பத்தி ஒண்ணும் எழுதலக்கா."

"எழுதலன்னா, அந்த விதியத் தூக்கிட்டாங்கன்னு அர்த்தமா? மறந்துட்டாங்கன்னா?"

நல்ல வார்த்தை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியலக்கா."